கொள்ளைநோய் நடந்த வழி

சுவிஸின் பாசல் நகருக்கு அருகே மரியஸ்டைன் மடாலயத்தில் 1543ஆம் ஆண்டு வரையப்பட்ட ஓவியம் ஒன்று இருக்கிறது. குகைக்குள் இறங்கி மாதாவைக் கும்பிட்டு, மெழுகுதிரி ஏற்றிவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற எங்கள் ஆட்களில் அதை நின்று பார்த்தவர்கள் குறைவு. அதன் கதை இது. 1541இல் பாசல் பக்கமெல்லாம் கொள்ளைநோய். ரைஷன்ஸ்டைன் என்ற பிரபு குடும்பம் நோய்க்குப் பயந்து, இந்த மடாலயம் நிற்கும் பாறைமேல் வந்து தங்கியது. டிசெம்பர் 13ஆம் திகதி அந்த வீட்டு மகன் ஹான்ஸ் தூரிங் தனியே உலாவப் போனான். பாறை விளிம்பில் கால் தவறிப் பள்ளத்தில் விழுந்தான். அந்த உயரத்திலிருந்து விழுந்தும் சாகவில்லை. நேர்த்திக்கடனாகத் தகப்பன் வரைவித்துக் கொடுத்த படம்தான் அது.

எங்களுக்கு மரியஸ்டைன் புதிய இடமில்லை. ஆகஸ்டில் தமிழ்க் கத்தோலிக்கர்களின் யாத்திரை நடக்கும். மடு மாதாவை நினைத்துக்கொண்டு சைவக் குடும்பங்களும் போகும். நானும் அந்த 59 படிகளில் எத்தனையோ தரம் இறங்கி ஏறியிருக்கிறேன். ஆனால் 2020 கோடையில்தான் ரைஷன்ஸ்டைன் குடும்பத்தை ஒரு குடும்பமாக என்னால் நினைக்க முடிந்தது. வீட்டுக்குள் அடைபட்ட பெற்றோர், பொறுமை இழந்த பிள்ளை, வெளியே போனால் ஆபத்து, உள்ளே இருந்தால் மூச்சு முட்டுகிறது. ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய அந்த வீடு எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்து வீடு போலத் தெரிந்தது.

அதற்கு முன் எங்கள் வீட்டில் ஞாயிறு என்று ஒன்று இருந்ததில்லை. என் கணவர் உணவகச் சமையல்காரர். சுவிஸுக்கு 80களிலும் 90களிலும் வந்த எங்கள் ஆண்களில் பலர் போல, சனியும் ஞாயிறும் அடுப்படியில் நின்றே பிள்ளைகளை வளர்த்தவர். எனக்கு முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. குடும்பமாக வெளியே போவதென்றால் கோயில் தேர், கலியாணம், சாமத்தியவீடு, அரங்கேற்றம். எல்லாம் மண்டபங்கள், எல்லாம் எங்கள் ஆட்கள். இந்த ஊரின் பழைய தெருக்களைப் பிள்ளைகள் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்தார்கள். நாங்கள் ட்ராம் ஜன்னலால் பார்த்தோம்.

2020 மார்ச் 16ஆம் திகதி மத்திய அரசு அசாதாரண நிலையை அறிவித்தது. உணவகங்கள் பூட்டின. பள்ளிக்கூடங்கள் பூட்டின. ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்றார்கள். கணவருக்குக் குறைவேலைச் சம்பளம், அதாவது நூற்றுக்கு எண்பது, கூடவே இருபது வருடத்தில் முதல்முறையாக வார இறுதி. எல்லைகளும் மூடிவிட்டன. ஃப்ளூ என்ற எல்லைக் கிராமத்துக்கு மேலே குன்றில் நிற்கும் லண்ட்ஸ்க்ரோன் கோட்டை கண்ணுக்குத் தெரியும், ஆனால் அது பிரான்ஸ், போக முடியாது. கால் எட்டிய தூரமே உலகம் என்றானபோது அந்தத் தூரத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினோம். றோல்ஸும் தேத்தண்ணிப் பிளாஸ்க்கும் பையில் இருக்கும். மற்றப்படி திட்டம் ஒன்றும் இல்லை. பின்னர்தான் கவனித்தேன், எங்கே போனாலும் ஒரு பழைய கொள்ளைநோய் எங்களுக்கு முன்னே அங்கே போயிருந்தது.

பாசல் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அருகில் பிரேடிகர் தேவாலயம் நிற்கிறது. பக்கத்திலே மரங்கள் நிற்கும் சிறு சதுக்கத்தின் பெயர் டோட்டன்டன்ஸ், சாவின் நடனம். அங்கே முன்பு டொமினிக்கன் துறவிகளின் மடமும் இடுகாடும் இருந்தன. 1439இல் நகரத்தில் திருச்சபையின் பெருஞ்சங்கம் கூடியிருந்த வேளையில் கொள்ளைநோய் வந்து ஊரை வாரிக்கொண்டு போனது. அதையொட்டி, ஏறக்குறைய 1440இல், இடுகாட்டு மதிலின் உட்புறம் சுமார் அறுபது மீற்றர் நீளத்துக்கு ஓர் ஓவியம் தீட்டினார்கள். பாப்பரசர், சக்கரவர்த்தி, ராணி, வைத்தியர், வணிகர், குருடர், உழவர் என்று ஒவ்வொருவரையும் ஓர் எலும்புக்கூடு கைபிடித்து ஆட அழைத்துப் போகிறது. கிட்டத்தட்ட ஆளுயரம். முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேல் அது நின்றது. 1568இல் அதைப் புதுப்பித்த ஹான்ஸ் ஹுக் குளூபர் என்ற ஓவியர் தன்னையும் மனைவி பிள்ளையையும் அந்த வரிசையில் சேர்த்து வரைந்தார். 1805இல் நகரமே அந்த மதிலை இடித்துத் தள்ளியது. பழமையில் அக்கறையுள்ள சிலர் காப்பாற்றிய துண்டுகள் பத்தொன்பது இன்று பார்ஃபூஸர் தேவாலயத்திலுள்ள வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இதில் என்னை உலுக்கியது வேறொன்று. 2020 மார்ச்சில் கொரோனாப் பரிசோதனைக்கு ஆட்கள் திரண்டபோது மருத்துவமனை அந்தப் பிரேடிகர் தேவாலயத்தையே பரிசோதனை நிலையமாக்கியது. கொள்ளைநோயின் படம் நின்ற மதிலுக்குப் பக்கத்திலே, மூக்குக்குள் குச்சி விட்டுப் பார்க்க ஆட்கள் வந்து நின்றார்கள். யாரும் குறியீடாக நினைத்துச் செய்ததல்ல. இடம் இருந்தது, பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் ஒரு நகரம் தன் பழைய நினைவின்மேலேயே மீண்டும் நடப்பது இப்படித்தான்.

மே 11இல் அருங்காட்சியகங்கள் திறந்ததும் துண்டுகளைப் பார்க்கப் போனோம். பெரும்பாலும் முகங்களே மிஞ்சியிருக்கின்றன. பூச்சு உதிர்ந்து, கன்னத்தில் பிளவு விழுந்து, ஆனாலும் கண்கள் உயிரோடு இருக்கின்றன. முழு வரிசையையும் அறிய 1621இல் வெளிவந்த மத்தேயுஸ் மெரியானின் செம்புத்தகட்டுப் படங்களைப் பார்க்கவேண்டும். மெரியான் பாசலிலேயே பிறந்தவர். அவர் படங்களில் பருத்த உடம்போடு ஒரு சமையல்காரனும் போகிறான். மகள் தகப்பனைப் பார்த்து, "அப்பா, இதில உங்கட ஆளும் நிக்கிறார்" என்றாள். அவர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ராஜாவோடு சமையல்காரனையும் ஒரே வரிசையில் நிறுத்திய அந்தக் காலத்து ஓவியன்மேல் எனக்கு மதிப்பு வந்தது அந்த நேரத்தில்தான்.

நோயைப் படமாக வைத்த அதே ஊர் அதைக் கணக்காகவும் வைத்தது. செய்தவர் நகர வைத்தியர் ஃபெலிக்ஸ் பிளாட்டர், பிறப்பு 1536. அவர் சிறுவனாக இருந்தபோது, 1551இல், அக்கா ஊர்சுலா கொள்ளைநோயில் போய்ச் சேர்ந்தாள். அவரோ அப்போது எல்லைக்கு அப்பால் ரோட்டெல்ன் கோட்டையில் இருந்தார். பிறகு வைத்தியராகி, ஒன்றன்பின் ஒன்றாக வந்த கொள்ளைநோய்களில் ஊரைவிட்டு ஓடாமல் நின்றார். 1610–11இல் பெருநோய் வந்தபோது, எழுபத்தைந்து வயதை நெருங்கியவர், தெருத்தெருவாக, வீடுவீடாக, யார் படுத்தார்கள், யார் எழுந்தார்கள், யார் இறந்தார்கள் என்று எழுதிவைத்தார். இறந்தவர்கள் ஏறக்குறைய நாலாயிரம் பேர். பாசல் மக்கள் அனைவருமே அன்று இருபதினாயிரத்துக்குக் குறைவு. நாங்கள் தினம் மாலையில் தொலைக்காட்சியில் பார்த்த வரைபுகளை அவர் இறகுப் பேனாவால், கதவைத் தட்டித் தட்டிச் செய்திருக்கிறார். அந்தக் கைப்பிரதிகள் பாசல் பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

இந்தப் பெருமைகளோடு நிறுத்திவிட்டால் பொய்யாகிவிடும். 1349 ஜனவரி 16ஆம் திகதி பாசலின் யூதர்களை ரைன் நதித் தீவொன்றில் மரவீட்டுக்குள் அடைத்து எரித்தார்கள். கிணறுகளில் நஞ்சு கலந்து நோயைப் பரப்பினார்கள் என்பது குற்றச்சாட்டு. கொள்ளைநோய் அப்போது பாசலுக்கு வந்து சேர்ந்திருக்கவே இல்லை, வதந்தி முதலில் வந்துவிட்டது. இதை மகனுக்குச் சொன்னபோது என் அம்மா குறுக்கிட்டு, "எண்பத்திமூண்டிலையும் கதைதான் முதல் வந்தது" என்றா. அதற்குமேல் அவ பேசவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பாசலிலிருந்து ரயிலில் சிறிது தூரம் கிழக்கே ரைன்ஃபெல்டன். 1130ஆம் ஆண்டளவில் செய்ரிங்கர் பிரபுக்கள் அமைத்த ஊர். 1912இல் றொபெர்ட் மைலார் கட்டிய பாலத்தின் மறுகரை ஜெர்மனி. 1541இல், அதாவது மரியஸ்டைனில் அந்த இளைஞன் விழுந்த அதே வருடம், இங்கேயும் கொள்ளைநோய் கோரமாக ஆடியது. தெரு நீர்த்தொட்டிகளின் தண்ணீரிலிருந்து நோய் வருகிறதென்று ஊர் நம்பியது. பன்னிரண்டு ஆண்கள் புனித செபஸ்தியாரின் பெயரில் ஒரு சகோதர சங்கம் அமைத்தார்கள். நோயாளிகளைப் பராமரிப்பதும் பிணங்களை அடக்குவதும் அவர்கள் பொறுப்பு. அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது, இன்றும் பன்னிரண்டு பேர். டிசெம்பர் 24ஆம் 31ஆம் திகதி இரவுகளில் கறுப்பு மேலங்கியும் உயர்ந்த தொப்பியும் அணிந்து, ஒரு விளக்கைச் சுமந்து, நீர்த்தொட்டி நீர்த்தொட்டியாக நின்று பாடுகிறார்கள். சுவிஸின் வாழும் மரபுகள் பட்டியலில் இது இருக்கிறது.

முதலில் நாங்கள் அங்கே போனது கோடையில், வெறும் தொட்டிகளைப் பார்க்கத்தான். மகன் சப்பாத்தைக் கழற்றிக் காலை நனைத்தான். கட்டுப்பாடுகள் எல்லாம் போனபின் 2022 மார்கழியில் பாட்டையும் கேட்டோம். ஆரவாரம் எதுவும் இல்லை. கைதட்டுவதில்லை. பாடி முடிந்ததும் அடுத்த தொட்டிக்கு நடக்கிறார்கள், ஊர் பின்னால் நடக்கிறது. எந்தத் தண்ணீருக்குப் பயந்தார்களோ அந்தத் தண்ணீருக்கு முன்னாலேயே நின்று பாடுவது என்று முடிவெடுத்தவர்கள் பெரிய மனிதர்கள்.

என் அம்மாவுக்கு இது எதுவும் விசித்திரமாகப் படவில்லை. அவ எங்களுக்குக் கீழ்மாடியில் தனியே இருக்கிறா. 2020 வசந்தத்தில் சாப்பாட்டைக் கதவடியில் வைத்துவிட்டு மணி அடித்துவிட்டு விலகி நிற்போம். ஏப்ரல் 27ஆம் திகதி சுகாதாரத் திணைக்களத்தின் டானியல் கோஹ், பாட்டன் பாட்டிமார் சின்னப் பேரப்பிள்ளைகளைச் சற்று நேரம் கட்டியணைக்கலாம் என்று சொன்னபோது இந்த நாட்டு வீடுகளெல்லாம் அழுதிருக்கும் என்று நினைக்கிறேன். அம்மா சொன்னது: "கொப்புளிப்பான் வந்த வீட்டில வேப்பிலை செருகினால் ஒருத்தரும் உள்ளுக்கு வராயினம். அம்மாள் நிக்கிறா எண்டு விளங்கும்." தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை வீடு தனித்திருக்கும். நோய் தீர்ந்தால் பொங்கல். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வைகாசியில் உப்புநீரில் விளக்கெரித்துப் பொங்குவதை அவ சின்ன வயதில் பார்த்திருக்கிறா. அந்த வழிபாட்டின் வேரும் நோயில்தான் இருக்கிறது. மதுரை எரிந்தபின் பாண்டிநாட்டில் மழையற்றுப் போய், வெப்புநோயும் அம்மையும் பரவின, கண்ணகிக்கு விழா எடுத்தபின் தணிந்தன, அதைக் கேட்டு இலங்கைக் கயவாகுவும் ஆடியில் விழா எடுத்தான் என்று சிலப்பதிகாரத்து உரைபெறு கட்டுரை சொல்கிறது. ரைன்ஃபெல்டனின் பன்னிரண்டு பேரும் வற்றாப்பளையின் பொங்கல் பானையும் எனக்கு ஒரே செய்கையாகவே தெரிகின்றன. நோய் கலைத்த கூட்டத்தை நோயின் பெயரிலேயே திரும்பக் கூட்டுவது.

எல்லா நோயும் இப்படி வழக்கமாக நிலைப்பதில்லை. 1918இல் வந்த காய்ச்சல் சுவிஸில் ஏறக்குறைய 25,000 பேரைக் கொன்றது, இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டவர்களே அதிகம். அந்த ஜூலையில் நாடகம், சினிமா, கச்சேரி, சந்தை எல்லாவற்றையும் தடைசெய்யும் அதிகாரத்தை மத்திய அரசு மாநிலங்களுக்குக் கொடுத்தது. ஆனால் அதற்கென்று பாசலில் நான் கண்ட பாட்டோ பண்டிகையோ இல்லை. 2020 பெப்ரவரி 28இல் பாசலின் ஃபஸ்நாஹ்ட் திருவிழா ரத்தானபோதும், 1471இலிருந்து வரும் இலையுதிர்காலச் சந்தை அந்த ஒக்டோபரில் நின்றபோதும்தான் பத்திரிகைகள் நூறு வருடத்துக்கு முந்தைய அந்தக் காய்ச்சலைத் தேடி எடுத்தன.

எங்களிடம் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதே என் கவலை. சுவிஸில் நாங்கள் ஐம்பதினாயிரம் பேர் அளவில் இருக்கிறோம். முதியோர் இல்லங்களைத் துப்புரவாக்கியவர்களில், மருத்துவமனைச் சமையலறைகளில் நின்றவர்களில், அந்த மாதங்களில் வீட்டிலிருந்து வேலைசெய்ய வழியே இல்லாதவர்களில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர். தேர் வீதிக்கு வராத கோடை ஒன்று எங்களுக்கு இருந்தது. ஊரில் தாய் தகப்பன் இறந்து, கிரியைகளை ஸூமில் பார்த்து, குளியலறையில் தலைமுழுகியவர்கள் இருக்கிறார்கள். கோயில் வாசலில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி வாங்கிய தாள்கள் பிளாட்டரின் கணக்கைப் போன்றவைதான். ஆனால் சட்டப்படி பதினாலு நாளில் அழித்துவிட வேண்டும், அழித்தும்விட்டோம்.

அதனால் எங்கள் தமிழ்ப் பாடசாலையில் மூத்த வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். வீட்டில் வயதில் மூத்தவரிடம் அந்த இரண்டு வருடத்தைப் பற்றிக் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி வரவேண்டும். யார் எங்கே வேலை செய்தார், யாரைப் பார்க்க முடியவில்லை, எந்தத் தெருவால் நடந்தார், என்ன சமைத்தார். திருத்தி எழுத வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். போதிய அளவு சேர்ந்ததும் ஒரு படியைப் பாசல் நகர ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறேன், தமிழிலேயே.