செய்தி போகும் வழி

தொடர்பு என்னும் சொல்லை நாம் அடிக்கடி கேட்கிறோம். அதன் பொருள் என்ன? ஒருவர் மனத்தில் இருப்பதை இன்னொருவர் மனம் அறியும்படி செய்வதே தொடர்பு. அதற்குச் சொல்பவர் ஒருவர் வேண்டும். கேட்பவர் ஒருவர் வேண்டும். இருவருக்கும் விளங்கும் குறி ஒன்று வேண்டும். நான்காவதாக இன்னொன்றும் வேண்டும். அதுதான் மறுமொழி. மறுமொழிக்கு இடமில்லையென்றால் தொடர்பு பாதியிலேயே நின்றுவிடும். இந்த உண்மையை நமது தோட்டங்களின் வரலாற்றைக் கொண்டே இன்று பார்ப்போம்.

தொடர்பில் முதல் வகை, சொல் இல்லாத தொடர்பு. விடியுமுன் மணி அடித்தால், பெரட்டுக்குப் போகும் நேரம் வந்துவிட்டது என்று லயம் முழுவதற்கும் தெரியும். தப்பு ஒலிக்கும் முறையைக் கேட்டே, அது திருவிழாவா, சாவு வீடா என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். ஒலியைப் போலவே உடலும் பேசும். கைகூப்பினால் வணக்கம், தலை குனிந்தால் அடக்கம். ஆனால் அடக்கத்தை நாமாகக் காட்டுவது வேறு. பிறர் கட்டாயப்படுத்திக் காட்டச் செய்வது வேறு. அக்காலத்தில் துரையோ கிராணியோ எதிரே வந்தால், சைக்கிளில் போகும் தொழிலாளி இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி ஆகிய கோரிக்கைகளோடு, சைக்கிளைவிட்டு இறங்க வேண்டிய வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. அந்தப் போராட்டத்தை அடக்கப் படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். சைக்கிளைவிட்டு இறங்குவது சிறிய செயல்தானே என்று நமக்குத் தோன்றலாம். 'நான் உனக்குக் கீழானவன்' என்று வாய் திறவாமல் சொல்லவைக்கும் செயல் அது. அதனால்தான் அதை எதிர்த்தார்கள்.

இரண்டாவது வகை, பேச்சு. துரையின் கட்டளை கங்காணியின் வாய்வழியாகவும் தண்டலின் வாய்வழியாகவும் தொழிலாளியிடம் வந்தது. தொழிலாளியின் குறையும் அதே வழியில்தான் மேலே போக வேண்டும். மேலிருந்து கட்டளை தவறாமல் வந்து சேர்ந்தது. கீழிருந்து போன குறையோ பல நேரம் நடுவழியில் தங்கிவிட்டது. தொழிலாளர்கள் சங்கம் அமைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, தனித்தனியே கேளாத குரல் ஒன்றாகக் கேட்கும் வழி ஏற்பட்டது.

மூன்றாவது வகை, எழுத்து. பேச்சு காற்றோடு போகும். எழுத்து கடலையும் கடக்கும். எழுதத் தெரியாத தாய், தெரிந்தவரிடம் போய் அமர்ந்து, ஊரில் உள்ள அண்ணனுக்கு நாலு வரி எழுதச் சொல்வாள். தன் மனத்திலுள்ள துக்கத்தை மூன்றாம் மனிதர் முன்னால் எவ்வளவு தான் சொல்ல முடியும்? சொல்லாமல் விட்டதே அதிகமாக இருந்திருக்கும். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. பல பள்ளிகள் ஒற்றை அறைக் கொட்டகைகளாகவே இருந்தன. ஆயினும் அங்கே எழுத்துக் கற்ற பிள்ளை, தன் தாயின் கடிதத்தைத் தானே எழுதியது. வீட்டுத் துக்கம் வீட்டுக்குள்ளேயே எழுத்தாயிற்று.

நான்காவது வகை, கருவிகளின் வழியே நடக்கும் தொடர்பு. சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை கடலடித் தந்திக் கம்பி 1871-இல் செயல்படத் தொடங்கியது. கப்பலில் ஒரு வாரம் எடுத்த செய்தி அன்றே வந்து சேர்ந்தது. ஆனால் தந்தி வந்தாலே வீட்டில் அழுகுரல் எழும். பிரித்துப் படிப்பது பிறகுதான். 1924-இல் 'தமிழ் நேசன்', 1935-இல் 'தமிழ் முரசு' ஆகிய இதழ்கள் தோன்றின. ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றி இருந்தவர்கள் கேட்டார்கள். 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுவிட்டது; 'தமிழ் முரசு' சிங்கப்பூரில் இன்றும் வெளிவருகிறது. பிறகு வானொலி வந்தது. எழுத்தறியாதவரும் உலகச் செய்தியைத் தம் காதாலேயே கேட்டார்.

இத்தனை வழிகளும் அடைபட்ட காலம் ஒன்றும் உண்டு. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி நடந்தது. ஊரிலிருந்து வந்த கடிதப் போக்குவரத்து அறுந்தது. சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்கு மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். சில மாத வேலை, நல்ல கூலி என்று சொன்னதை நம்பிச் சிலர் போனார்கள். பலரைப் பிடித்தே கொண்டு போனார்கள். போனவரிடமிருந்து ஒரு வரி இல்லை. பொட்டு வைப்பதா, அழிப்பதா என்று அறியாமல் பெண்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். செய்தி கிடைக்காமை எத்தகைய துன்பம் என்பதை நம் குடும்பங்கள் அனுபவித்தே அறிந்திருக்கின்றன.

இன்று நம் கையிலேயே தொலைபேசி இருக்கிறது. நொடியில் முகம் பார்த்துப் பேசுகிறோம். கருவிக்குக் குறைவில்லை. ஆனால், ஒரே வீட்டில் இருக்கும் பாட்டியின் பேச்சுக்கு நாம் மறுமொழி சொல்கிறோமா? அவருடைய பெட்டியின் அடியில் பழைய கடிதம் ஒன்று இருக்கலாம். இன்று மாலை அதை எடுத்து அவருக்குப் படித்துக் காட்டுங்கள். எழுதியவர் யார், யாருக்காக எழுதினார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஓர் ஏட்டில் குறித்து வையுங்கள். பாதியில் நின்றுபோன ஒரு தொடர்பு அங்கே நிறைவு பெறும்.