நீர் வழங்கல் உடைமை மாற்றமும் ஒழுங்குமுறை மீளாய்வும்: அம்பாறைக் கரையோரம்

ஓர் ஊருக்குக் குழாய்நீர் வழங்கும் நிறுவனம் கைமாறும்போது, அந்த மாற்றத்தை அனுமதிக்கலாமா, என்ன நிபந்தனையோடு அனுமதிக்கலாம் என்பதை வாங்குபவரையும் விற்பவரையும் சாராத ஓர் அமைப்பு ஆராய்ந்து முடிவு செய்வது ஒழுங்குமுறை மீளாய்வு எனப்படும். இங்கிலாந்திலும் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும் இது வழக்கமான நடைமுறை. இலங்கையில் இதற்குப் பொருத்தமான ஆணைக்குழுவொன்று 2002 ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் அமைக்கப்பட்டது. ஆயினும் தண்ணீர் விடயத்தில் அது செயற்படத் தேவையான துறைச் சட்டம் இன்னும் வரவில்லை. அதைக் கொண்டுவர எடுத்த பெரிய முயற்சி 2003 ஆம் ஆண்டின் நீர்ச் சேவைகள் சீர்திருத்தச் சட்டமூலம். அது உயர் நீதிமன்றத்தில் தடைப்பட்டது. தடைப்பட்ட காரணம் அம்பாறைக் கரையோரத்திலுள்ள கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களை மற்ற இடங்களைவிடக் கூடுதலாகத் தொடுகிறது. தண்ணீரின் உடைமை பற்றிக் கேள்வி எழுந்தால் கருத்துச் சொல்ல வேண்டிய தெரிவு செய்யப்பட்ட மாகாண சபை, 2003 இல் இந்தக் கரையோரத்துக்கு இருக்கவில்லை. இப்போதும் இல்லை.

கிணற்றிலிருந்து குழாய்க்கு

பெரியநீலாவணையிலிருந்து தெற்கே அக்கரைப்பற்று வரை நீளும் கரையோரம் மணல் நிலம். கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய பட்டையில் வீடுகள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. மணலுக்குள் இறங்கும் மழைநீர், உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. வளவுக் கிணறுகள் தலைமுறை தலைமுறையாக அந்தப் படையிலிருந்தே ஊருக்கு நீர் தந்தன. குடி பெருகி வளவுகள் துண்டாடப்பட்டபோது மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவுக்குள் சில அடி தூரத்தில் வந்து நின்றன. குழாய்நீர் தேவையானதற்கு அதுவும் ஒரு காரணம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு ஆகிய ஊர்களின் கரையோரக் கிணறுகளில் கடல்நீரும் கழிவும் புகுந்தன. கிணற்றை இறைத்துச் சுத்தப்படுத்தினால் சரியாகும் என்று பலர் நம்பினர். ஆனால் அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் கீழேயிருந்த உவர்நீர் மேலேறியது. பவுசர்களில் வந்த தண்ணீருக்காக மாதக்கணக்கில் வாளியோடு வரிசையில் நின்ற சனங்கள், குழாய்நீரை அதன்பின் வசதியாகப் பார்க்கவில்லை, உயிர்த்தேவையாகவே பார்த்தனர்.

குழாயில் வரும் நீர் உள்நாட்டிலிருந்து வருகிறது. சேனாநாயக்க சமுத்திரத்தைத் தலைநீர்த்தேக்கமாகக் கொண்ட கல்லோயாத் திட்டம் 1949 இல் தொடங்கியது. அத்திட்டத்தின் நீரைப் பெறும், அம்பாறை நகரத்தை அடுத்த கொண்டவட்டுவான் குளத்தருகே உள்ள சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கரையோர ஊர்களுக்குப் பெருங்குழாய்கள் வருகின்றன. ஆகவே கல்முனை வீட்டுக் குழாயின் பின்னால் நீர்ப்பாசனத்துக்கும் குடிநீருக்கும் பொதுவான நீர்மூலமொன்று இருக்கிறது. கரையோர விவசாயிகள் வாய்க்காலின் கடைமடையில் இருப்பவர்கள். மேலே தண்ணீர் குறைந்தால் வயலும் குழாயும் ஒன்றாகவே வாடும். உடைமை மாற்றத்தை ஆராயும் எவரும் குழாயையும் மீற்றரையும் மட்டும் கணக்கெடுத்து, இந்த நீர்மூலத்தை விட்டுவிட்டால் அந்த ஆய்வு பாதிதான்.

யாருடையது?

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 1974 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாகி, 1975 இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன் இந்தப் பணி அரசாங்கத் திணைக்களமொன்றிடம் இருந்தது. உள்ளூராட்சி மன்றங்கள் நடத்திய திட்டங்கள் பலவும் காலப்போக்கில் சபையின் கைக்கு வந்தன. திணைக்களத்திலிருந்து சபைக்கும், ஊர் மன்றத்திலிருந்து கொழும்புக்கும் நடந்த இந்த மாற்றங்களும் உடைமை மாற்றங்களே. அரசின் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போனதால் எவரும் அவற்றை மீளாய்வு செய்யவில்லை. பாவனையாளரிடம் கேட்கவுமில்லை.

சபை நியதிச்சட்ட அமைப்பு. அதற்குப் பங்குகள் இல்லை. பங்குச் சந்தையில் வாங்கி ஒரே நாளில் உரிமையாளராக எவராலும் முடியாது. முதலில் புதிய சட்டம் வர வேண்டும், சொத்துகள் கம்பனிகளுக்கு மாற வேண்டும், அதன்பிறகே பங்கு என்ற பேச்சு எழும். மின்சாரத்துறையில் இந்த வழி கண்முன்னே திறக்கப்பட்டது. 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம் மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வகை செய்தது. ஆட்சி மாறிய பின் 2025 இல் அது திருத்தப்பட்டது. தண்ணீருக்கு இதுவரை அப்படியொரு சட்டம் இல்லை.

இந்தக் கரையோர அரசியலில் தண்ணீர் அமைச்சுக்குத் தனி மதிப்பு இருந்திருக்கிறது. அக்கரைப்பற்றைச் சேர்ந்த ஏ.எல்.எம். அதாவுல்லா நீர் வழங்கல் அமைச்சராக இருந்தார். கல்முனையை அரசியல் களமாகக் கொண்ட எம்.எச்.எம். அஷ்ரப் வளர்த்தெடுத்த ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் ரவூப் ஹக்கீம் 2015 முதல் 2019 வரை அந்தப் பொறுப்பை வகித்தார். குழாய் இணைப்புகள் கூடியதில் இதற்குப் பங்குண்டு. ஆனால் அமைச்சரின் ஊரைப் பார்த்து வரும் தண்ணீர் வேறு, பாவனையாளரின் உரிமையைப் பார்த்து வரும் தண்ணீர் வேறு. ஒழுங்குமுறை அமைப்பு இரண்டாவதைக் காக்கவே உருவாக்கப்படுகிறது.

2003 சட்டமூலம்

2002 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அமைந்தது. மின்சாரமும் நீர்ச் சேவைகளும் அதன் அட்டவணையில் இடம்பெற்றன. பெற்றோலியம் 2006 இல் சேர்ந்தது. ஆனால் அட்டவணையில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு துறைக்கும் தனிச் சட்டம் வந்து, உரிமம் வழங்கும் அதிகாரத்தையும் கட்டணத்தை ஆராயும் அதிகாரத்தையும் தர வேண்டும். மின்சாரத்துக்கு அது 2009 இல் வந்தது. தண்ணீருக்கான சட்டமூலம் 2003 இன் பிற்பகுதியில், ரணில் விக்ரமசிங்க பிரதமராக இருந்த காலத்தில், பாராளுமன்றத்துக்கு வந்தது. நீர்ச் சேவை வழங்குவோருக்கு உரிமம் கொடுத்து, அவர்களை ஆணைக்குழுவின் மேற்பார்வைக்குள் கொண்டுவருவது அதன் அடிப்படை. தனியார் பங்கேற்புக்கு அது கதவு திறக்கிறது என்று தொழிற்சங்கங்களும் விவசாய அமைப்புகளும் எதிர்த்தன.

எதிர்த்தவர்களின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. பொலிவியாவின் கொச்சபம்பா நகரத் தண்ணீர் 1999 இல் பெக்டெல் நிறுவனம் பங்காளியாக இருந்த கம்பனியொன்றுக்குக் குத்தகையாகி, கட்டணம் திடீரெனக் கூடி, சனங்கள் வீதிக்கு இறங்கி, 2000 ஏப்ரலில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது அப்போது உலகம் முழுதும் பேசப்பட்டது. எனினும் சட்டமூலத்தோடு சேர்ந்து ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் நின்றுபோனதை எதிர்ப்பாளர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இழந்தவற்றில் இதுவும் ஒன்று.

அப்போதைய அரசியலமைப்பின்படி, சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்ற ஒரு வாரத்துக்குள் எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. அப்படி மனுக்கள் தாக்கலாயின. நகருக்கும் கிராமத்துக்கும் தண்ணீர் வழங்குவது மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகியவற்றின் சட்டங்கள் தந்த பணி. 1987 இன் பதின்மூன்றாவது திருத்தத்தால் உள்ளூராட்சி மாகாண சபைகளின் நிரலுக்குள் வந்துவிட்டது. ஆகவே இச்சட்டமூலம் 154எ(3) உறுப்புரைப்படி, ஒழுங்குப் பத்திரத்துக்கு வருமுன் ஜனாதிபதியால் ஒவ்வொரு மாகாண சபைக்கும் அனுப்பப்பட்டு அவற்றின் கருத்து பெறப்பட்டிருக்க வேண்டும். அது நடக்கவில்லை என்பதால் சட்டமூலம் முன்செல்ல முடியாது என்று நீதிமன்றம் தீர்மானித்தது. எல்லாச் சபைகளும் இணங்கினால் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஒரு சபையாவது மறுத்தால், நாடு முழுவதுக்கும் பொருந்த மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவை. 2004 பெப்ரவரியில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது, சட்டமூலமும் அத்தோடு முடிந்தது.

மத்திய அரசின் ஒதுக்கிய நிரலில் மாகாணங்களுக்கிடையிலான நீர்ப்பாசனம் இருக்க, வீட்டுக் குழாய் மாகாணத்துக்கு உரியது என்ற இந்தப் பகுப்பு முக்கியமானது. தண்ணீர் முதலில் ஊருக்குரியது என்பதை நாட்டின் உச்ச நீதிபீடம் ஏற்றுக்கொண்ட தருணம் அது.

கருத்துச் சொல்ல வேண்டிய சபை எங்கே?

இணைந்த வடகிழக்கு மாகாண சபை 1988 இல் தெரிவாகி 1990 இல் கலைக்கப்பட்டது. அதன்பின் ஆளுநர் ஆட்சி. 2003 இல் சட்டமூலம் சபைகளுக்கு அனுப்பப்பட்டிருந்தால், மேல் மாகாணமும் தென் மாகாணமும் கருத்துச் சொல்லியிருக்கும். கல்முனையின் சார்பில் பேச எவரும் இருந்திருக்க மாட்டார்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து 2007 ஜனவரியில் கிழக்கு தனி மாகாணமானது, 2008 மே மாதம் முதல் தேர்தல் நடந்தது. 2012 இல் நஜீப் அப்துல் மஜீதும் 2015 இல் நசீர் அஹமதும் முதலமைச்சரானார்கள். 2017 செப்டெம்பரில் சபையின் காலம் முடிந்தது. அதன்பின் மாகாண சபைத் தேர்தலே நடக்கவில்லை.

சபை இல்லாத மாகாணத்தின் இணக்கத்தை யார் தருவது என்ற கேள்வி 2012 இல் வாழ்வாதார மேம்பாட்டுக்கான திவிநெகும சட்டமூலத்தின்போது வடக்கு மாகாணத்தை வைத்து எழுந்தது. ஆளுநரின் சம்மதம் சபையின் சம்மதமாகுமா என்பது பெரும் வழக்காயிற்று. இறுதியில் அச்சட்டமூலம் 2013 ஜனவரி 8 அன்று மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு நிறைவேறியது. கொழும்பில் அந்தப் பெரும்பான்மை இருக்கும் அரசாங்கத்துக்கு மாகாணத்தின் மௌனம் தடையாக இராது என்பதை அது காட்டியது.

மீளாய்வு என்ன கேட்கும்?

இங்கிலாந்தில் 1991 ஆம் ஆண்டின் நீர்த்தொழில் சட்டம், இரு நீர் நிறுவனங்கள் ஒன்றாவதைப் போட்டி ஆணையகம் ஆராய வேண்டும் என்கிறது. 2021 இல் பெனன் குழுமம் பிரிஸ்டல் நீர் நிறுவனத்தை வாங்கியபோது இந்த மீளாய்வு நடந்தது. அங்கே கேட்கப்படும் முதன்மைக் கேள்வி வியப்பானது: நிறுவனங்களின் எண்ணிக்கை குறைந்தால், ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுக் கட்டணம் நிர்ணயிக்கும் ஒழுங்குபடுத்துநரின் ஆற்றல் குறையுமா என்பதே. ஏகபோகத் தொழிலில் ஒப்பீடுதான் போட்டிக்கு ஈடு. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் போதாது என்பதற்கு அதே நாட்டின் தேம்ஸ் நீர் நிறுவனமே சாட்சி. 2006 இல் மக்குவாரி தலைமையிலான முதலீட்டாளர்கள் அதை வாங்கி, 2017 இல் வெளியேறும்போது நிறுவனத்தின் கடன் பெருகியிருந்தது.

தமிழ்நாட்டின் திருப்பூர் இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு. 1995 இல் அமைந்த புதிய திருப்பூர் வட்டார வளர்ச்சிக் கழகம் பவானி ஆற்றிலிருந்து சாயப்பட்டறைகளுக்கும் நகரத்துக்கும் நீர் கொண்டுவந்தது. அதன் பின்னணியில் இருந்த ஐஎல் அண்ட் எஃப்எஸ் குழுமம் 2018 இல் கடன் கட்ட முடியாமல் நொடித்தது. தண்ணீர் ஒழுங்குமுறை ஆணையம் மகாராட்டிரத்தில் 2005 இலேயே வந்தது. தமிழ்நாட்டில் இல்லை. உரிமையாளரின் நிதிநிலையை ஊர் சார்பில் பார்த்துக்கொண்டிருக்க எவருமில்லை.

அம்பாறைக் கரையோரத்தில் அப்படியொரு மீளாய்வு நடந்தால் ஆராய வேண்டியவை தெளிவானவை. வாங்குபவரின் கடன் எவ்வளவு, அதை மீற்றர் பட்டியலில் ஏற்றுவாரா? சமுர்த்திக் குடும்பங்களுக்கான சலுகைக் கட்டணமும் மத நிறுவனங்களுக்கான தனிக் கட்டணமும் நிலைக்குமா? பள்ளிவாசல் ஹவுழில் (நீர்த்தொட்டியில்) ஐவேளை வுழுவுக்கு (தொழுகைக்கு முன் செய்யும் உடற்சுத்திக்கு) வேண்டிய நீர் வர்த்தகக் கட்டணத்துக்கு மாறினால் சிறிய மஹல்லாக்கள் தாங்கா. வரட்சியில் குளநீரை வயலுக்கும் குழாய்க்கும் யார் பங்கிடுவது? ஊழியர்களின் சேமலாப நிதி எங்கே போகும்? கடலரிப்பில் குழாய் உடைந்தால் திருத்தும் கடப்பாடு யாருக்கு?

இந்த ஊர்களுக்கு இப்படியான ஆய்வு புதிதல்ல. 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க முஸ்லிம் பள்ளிவாசல்கள் மற்றும் தர்ம நம்பிக்கைப் பொறுப்புகள் அல்லது வக்புகள் சட்டத்தின் கீழ், பள்ளிவாசலுக்கு வக்பு (அறக்கொடை) செய்யப்பட்ட நிலத்தையோ அதிலுள்ள கிணற்றையோ நம்பிக்கையாளர்கள் தம் விருப்பப்படி விற்க இயலாது. வக்பு சபையின் அனுமதி வேண்டும். மதீனாவில் ரூமா கிணற்றைச் சொந்தப் பணத்தில் வாங்கி எல்லாருக்கும் பொதுவாக்கிய உஸ்மான் (ரலி) அவர்களின் செயலை ஜும்ஆ பயான்களில் கேட்டு வளர்ந்த சமூகம் இது. ஒரு பள்ளிக் கிணற்றுக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு, ஊர் முழுதும் குடிக்கும் குழாய்நீருக்கு இல்லை.

இன்றைய நிலை

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் தண்ணீர்க் கட்டணம் 2022 செப்டெம்பரிலும் 2023 ஓகஸ்டிலும் உயர்ந்து, 2024 ஓகஸ்டில் சற்றுக் குறைந்தது. மூன்று தடவையும் வர்த்தமானி வழியாகவே மாறியது. மின்கட்டணத்துக்கு நடப்பதுபோல் ஆணைக்குழு முன் பகிரங்க விசாரணை நடக்கவில்லை. அரச நிறுவனங்களின் மறுசீரமைப்பு இப்போது நாட்டின் கடன் பேச்சுகளோடு பிணைந்திருக்கிறது.

2001 இல் அமைந்த கல்முனை மாநகர சபையின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6 அன்று நாட்டின் 339 உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தபோது, நீதிமன்ற வழக்கு காரணமாகக் கல்முனைக்கு நடக்கவில்லை. சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை வேண்டும் என்ற நீண்ட கோரிக்கைக்கு 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வெளியாகி, உடனேயே இடைநிறுத்தப்பட்டது. மாகாண சபையும் மாநகர சபையும் இல்லாத இந்நகரில், நீர் வழங்கல் பற்றிய சட்டமூலமொன்று வர்த்தமானியில் வந்தால் சனங்களுக்கு மிஞ்சும் சட்டவழி ஒன்றே: குறித்த நாட்களுக்குள் கொழும்புக்குப் போய் உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்வது.