தூம்பில் நகராத சேறு

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் எல்லாரும் குடவோலையைத்தான் தேடுகிறார்கள். எனக்கு அதிலுள்ள ஏரி வாரியம்தான் ஆச்சரியம். முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 921. 6 பேர், 360 நாள் பதவி. தூம்பைத் திறந்தால் தண்ணீர் தானே போகுமே, அதற்கு ஏன் ஒரு வாரியம்?

தண்ணீர் போகும், சேறு போகாது. நியூட்டன் 1687ல் சொன்ன விதிப்படி நடக்கும் நீர், எவ்வளவு லேசாகத் தள்ளினாலும் கொஞ்சமாவது நகரும். களிமண் கெட்டித்த சேறு அப்படியில்லை. டூத்பேஸ்ட் மாதிரி, ஒரு வரம்பைத் தாண்டி அழுத்தினால்தான் அசையும். அமெரிக்க வேதியியலாளர் பிங்காம் 1916ல் இதற்குக் கணக்கு எழுதினார்.

குழாய்க்குள் இழுவிசை சுவரோரம்தான் அதிகம், நடுவில் பூஜ்யம். சுவரோரத்திலேயே வரம்பைத் தொடாவிட்டால் மொத்தச் சேறும் அப்படியே நிற்கும். அதே நீர்மட்டம், அதே நீளம் என்றால், பாதி அகலத் தூம்பில் அந்த விசையும் பாதிதான். சின்னத் தூம்புகள் சீக்கிரம் அடைத்துக்கொள்வது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் என்ன, வெட்டித்தான் எடுக்கணும். தூர் எடுக்கவே கொடை தந்த செய்திகள் பல்லவ, சோழக் கல்வெட்டுகளில் உண்டு. நம் ஊர் ஏரியான வைரமேக தடாகமும் பல்லவர் காலத்தது. கோடையில் ஏரி வற்றியதும் அதே சேறு வண்டலாக வயலுக்குப் போகும், வண்டியில்.