இறைச்சிக்கூடப் பணியாளர் தகுதிச் சான்றிதழ் (ஐரோப்பிய ஒன்றியம்)

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1099/2009 ஒழுங்குவிதி 2013 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி இறைச்சிக்கூடத்தில் விலங்கைக் கையாள்பவர், உணர்விழக்கச் செய்பவர், ரத்தம் வடிப்பவர் எல்லோருக்கும் தேர்வெழுதிப் பெற்ற தகுதிச் சான்றிதழ் தேவை. வருடக்கணக்கான கைப்பழக்கம் போதாதா? போதாது என்றே சொல்ல வேண்டும். விலங்கை உணர்விழக்கச் செய்யும் போல்ட் துப்பாக்கி நெற்றியில் சற்று இடம் தவறினாலும் மாட்டுக்கு நினைவு தப்பாமல் போகலாம். விழுந்த மாடு சீராக மூச்சு விடுகிறதா, விழியைத் தொட்டால் இமைக்கிறதா என்று பார்க்காமல் கத்தி வைப்பவருக்கு அந்தத் தவறு தெரியவே வராது. பழக்கம் வேகத்தைத் தரும், இந்தக் கவனத்தைத் தராது. விதி அனுபவத்தை அடியோடு ஒதுக்கவும் இல்லை: மூன்றாண்டு அனுபவசாலிகளுக்கு 2015 டிசம்பர் 8 வரை எளிய வழியில் சான்றிதழ் வழங்க நாடுகளை அனுமதித்தது. ஆள் கிடைக்காது என்ற வாதத்துக்கும் பதில் உண்டு. பயிற்சியில் இருப்பவர், சான்றிதழ் பெற்றவரின் நேரடி மேற்பார்வையில், தற்காலிகச் சான்றிதழோடு 3 மாதம் வரை வேலை செய்யலாம்.