தீவக ஆய்வுகள், யாழ்ப்பாணம்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே உள்ள ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு முதலியவற்றின் வரலாறு, நீர், உடல்நலம், எரிசக்தி பற்றி நடந்துவரும் ஆய்வுகள்.

போர்த்துக்கேயர் காலத்தவை பெரும்பாலும் கோட்டை, தேவாலயம் பற்றிய குறிப்புகளே. 1658 முதல் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் இறைபணி செய்த ஒல்லாந்தப் போதகர் பால்டேயஸ், 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான தம் நூலில் தீவுகளையும் விவரித்தார். ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் நாட்டு ஊர்ப்பெயர்களை இட்டனர். அவற்றுள் நெடுந்தீவுக்கு இட்ட ‘டெல்ஃப்ட்’ இன்றும் பரவலாக வழங்குகிறது.

தீவக வரலாற்றில் மிகுதியாக ஆராயப்பட்டது நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) காலத்தது. கா. இந்திரபாலா 1963இல் இதன் வாசகத்தை விளக்கத்துடன் வெளியிட்டார். பரதேசி வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்கிறது கல்வெட்டு. உடைந்த மரக்கலங்களின் சரக்கை எப்படிப் பிரிப்பது என்றும் விதிக்கிறது. வணிகச் சரக்கு ஏற்றிவந்த கலம் என்றால் பாதி அரச பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. யானை, குதிரை ஏற்றிவந்த கலம் என்றால் பண்டாரத்துக்குக் கால் பங்கு மட்டுமே. முக்கால் பங்கு உடையவனுக்கு. இந்தச் சலுகைக்கு அரசன் சொல்லும் காரணம், தனக்கு யானை குதிரைகள்மேல் உள்ள பிரியம். சட்ட வாசகத்தில் இப்படியொரு மனம் திறப்பு அரிது. ஆணையைக் கல்லிலும் செம்பிலும் எழுதச் சொன்னான். நமக்குக் கிடைத்திருப்பது கல். ஆந்திரக் கரையில் காகதீய கணபதிதேவன் பொறித்த மோட்டுப்பள்ளிச் சாசனமும் கடல்வணிகருக்கு இதைப் போன்ற அடைக்கலம் தருகிறது. அது இதற்குப் பிந்தியது.

பாளி நூல்களின் நாகதீபம் நயினாதீவே என்பது பௌத்த மரபு. குடாநாட்டின் வல்லிபுரத்தில் 1936இல் கிடைத்த பொன்னேட்டைக் கொண்டு, நாகதீபம் குடாநாடு முழுவதையும் குறித்தது என்றார் தொல்லியலாளர் பரணவிதான. மணிமேகலையின் மணிபல்லவத்தை நயினாதீவில் காண்போரும் உண்டு, எல்லோரும் ஏற்பதில்லை. நெடுந்தீவின் கட்டைக் குதிரைகளைப் போர்த்துக்கேயர் கொணர்ந்தனர் என்பர் சிலர். ஒல்லாந்தர் என்பர் வேறு சிலர். அராபிய வணிகரைச் சொல்வோரும் உளர். பராக்கிரமபாகுவின் குதிரைக் கலங்களோடு அவற்றை முடிச்சுப் போட ஆசை எழலாம், சான்று இல்லை.

1974இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தோன்றியபின் கள ஆய்வு பெருகியது. பொ. இரகுபதியின் தொல்லியல் நூல் 1987இல் வெளிவந்தது. 1981இல் யாழ். நூலகம் எரிக்கப்பட்டதும், 1990 முதல் தீவக மக்கள் இடம்பெயர்ந்ததும் ஆய்வின் தொடர்ச்சியை அறுத்தன.

தீவுகளில் மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி உவர்நீரின்மேல் மிதக்கிறது. கொள்கையளவில், நல்ல நீரின் மட்டம் 1 அடி தாழ்ந்தால் அடியிலுள்ள உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலேறும். மழை பொய்த்தாலும் அளவுக்கு மீறி இறைத்தாலும் கிணறு உவர்ப்பது இதனால்தான். இந்த உவர் உடல்நலத்தோடும் தொடர்புடையது: டெங்கு நுளம்பின் குடம்பிகள் உவர் கலந்த நீரிலும் வளர்வதை யாழ். பல்கலைக்கழக விலங்கியலாளரும் உடனாய்வாளரும் 2011 முதல் காட்டினர். மலேரியா ஒழிந்த நாடாக இலங்கை 2016 செப்ரெம்பரில் அறிவிக்கப்பட்ட சிறிது காலத்துக்குள், நகர மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு மன்னாரில் கண்டறியப்பட்டது, பின்னர் யாழ்ப்பாணத்திலும்.

எரிசக்தியில், எழுவைதீவில் சூரிய, காற்று, டீசல் கலப்பு மின்தொகுதி முன்னோடியாக அமைந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான திட்டத்தை 2021 சனவரியில் சீன நிறுவனமொன்றுக்கு அளிக்க அமைச்சரவை இசைந்தது, இந்தியா ஆட்சேபித்தது, அவ்வாண்டின் இறுதியில் அது நின்றுபோனது. இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் புதிய ஒப்பந்தம் 2024 மார்ச் 1இல் கையெழுத்தானது.