ரேஷன் கடையும் சந்தைக் கடையும்: ரெசிடென்ட் ஈவில் 1, 4 ஒரு ஒப்பீடு

வரலாற்றுக் கட்டுரை என்றதும் சோழர், திப்பு சுல்தான் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது ஜோம்பிகளின் வரலாறு :-)

ரெசிடென்ட் ஈவில் விளையாட்டு வரிசையில் ஒரு பழைய பஞ்சாயத்து உண்டு. "1996-ல் வந்த முதல் பாகம்தான் உண்மையான திகில். 2005-ல் வந்த நான்காம் பாகம் சூப்பர் விளையாட்டு, ஆனால் திகிலைக் கொன்றுவிட்டது" என்பது ஒரு கட்சி. "நாலுதான் மாஸ், ஒண்ணை இன்னிக்கு யாரால விளையாட முடியும்?" என்பது இன்னொரு கட்சி. இரண்டையுமே முழுசாக முடித்தவன் என்ற முறையிலும், பி.காம் படிக்கிறவன் என்ற முறையிலும் எனக்கு ஒரு சந்தேகம். இந்தச் சண்டை பேய் பற்றியதே இல்லை. கையிருப்பு பற்றியது.

சரி, முதலில் கதைச் சுருக்கம்.

1989-ல் காப்காம் நிறுவனம் 'ஸ்வீட் ஹோம்' என்று ஒரு விளையாட்டு வெளியிட்டது. அதே ஆண்டு கியோஷி குரோசாவா இயக்கிய திகில் படத்தை வைத்து எடுத்தது. ஒரு பாழடைந்த மாளிகை, உள்ளே மாட்டிக்கொண்ட ஐந்து பேர், ஒவ்வொருவரும் கொஞ்சம் பொருள்தான் தூக்க முடியும். அதை உருவாக்கிய டோகுரோ ஃபுஜிவாரா, பிற்பாடு அதே யோசனையைப் புதிய ப்ளேஸ்டேஷனுக்குக் கொண்டுபோகச் சொல்லி ஷின்ஜி மிகாமி என்ற இளைஞரிடம் வேலையைக் கொடுத்தார். 1992-ல் பிரான்சிலிருந்து வந்த 'அலோன் இன் தி டார்க்' காட்டிய வழியும் சேர்ந்துகொண்டது. முன்கூட்டியே வரைந்து வைத்த அறைகள், அசையாத கேமரா. 1996 மார்ச்சில் ஜப்பானில் 'பயோஹசார்ட்' என்ற பெயரில் வெளிவந்தது. அந்தப் பெயரை அமெரிக்காவில் பதிவு செய்வதில் சிக்கல் என்பதால் அங்கே 'ரெசிடென்ட் ஈவில்' ஆனது. 'சர்வைவல் ஹாரர்' என்ற சொல்லைப் பரப்பியதும் இதுதான்.

இப்போது கணக்குக்கு வருவோம்.

முதல் பாகத்தில் ஜில் கையில் 8 இடம், க்றிஸ் கையில் 6 இடம். துப்பாக்கிக்கு ஒன்று, குண்டுக்கு ஒன்று, மூலிகைக்கு ஒன்று, சாவிக்கு ஒன்று. அவ்வளவுதான், பை நிறைந்தது. ஆட்டத்தைச் சேமிக்கவேண்டுமா? தட்டச்சு இயந்திரத்துக்கு மை ரிப்பன் வேண்டும், அதுவும் எண்ணித்தான் கிடைக்கும். ஜோம்பியைக் கொன்றால் அதன் சட்டைப்பையிலிருந்து ஒன்றும் விழாது. மாளிகைக்குள் எத்தனை குண்டு வைத்திருக்கிறார்களோ அத்தனைதான் கடைசிவரை.

அக்கவுண்டன்சி மொழியில் சொன்னால், தொடக்க இருப்பு மட்டும் உண்டு, வருமானம் கிடையாது. ஒரு ஜோம்பிக்கு ஐந்தாறு குண்டு செலவழிப்பதா, அல்லது கடி வாங்கும் ஆபத்தோடு சுற்றிக்கொண்டு ஓடுவதா? எதைச் செய்தாலும் இருப்பில் ஒன்று குறையும், குண்டோ உயிரோ. மாசக் கடைசியில் ரேஷன் சர்க்கரையை அளந்து டீ போடும் வீடு மாதிரி. ஜன்னலை உடைத்துக்கொண்டு நாய் பாயும் அந்தப் புகழ்பெற்ற காட்சி ஒரு தடவைதான் தூக்கிவாரிப் போடும். அடுத்த பத்து மணி நேரமும் நம்மைப் பயமுறுத்துவது மீதமிருக்கும் குண்டுகளின் எண்ணிக்கைதான்.

இதோடு கேமராவும் சேர்ந்துகொள்கிறது. முனை திரும்பினால் என்ன இருக்கிறது என்று தெரியாது, முனகல் சத்தம் மட்டும் கேட்கும். அஞ்செட்டியிலிருந்து எங்க நாட்றாம்பாளையம் வரும் காட்டு ரோட்டில் ராத்திரி பைக்கில் வந்தவர்களுக்கு இது புரியும். மூங்கில் முறியும் சத்தம் கேட்கும், யானை எந்த வளைவில் நிற்கிறது என்று தெரியாது. யானையை நேரில் பார்த்துவிட்டால்கூட என்ன செய்வதென்று முடிவெடுத்துவிடலாம். அந்த வளைவுக்கு முன்னால் வண்டியை மெதுவாக்கும் நிமிஷம் இருக்கிறதே, முதல் பாகம் முழுக்க அந்த நிமிஷம்தான்.

முதல் பாகம் சுமார் 27 லட்சம் பிரதிகள் விற்றது. இரண்டாம் பாகம் (1998) கிட்டத்தட்ட 50 லட்சம். மூன்றாம் பாகம் (1999) 35 லட்சம். 2002-ல் முதல் பாகத்தையே மிகாமி கேம்க்யூபுக்காகப் புதிதாக எடுத்தார். அழகில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் விற்றது 13 லட்சத்துச் சொச்சம். வரைபடத்தாளில் போட்டுப் பார்த்தால் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பிளஸ் டூ பையன்கூடச் சொல்லிவிடுவான். இரண்டாம் பாகத்துக்குப் பிறகு ரேஷன் கடை வாடிக்கையாளர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

நான்காம் பாகம் பிறந்தது இந்த நெருக்கடியில்தான். பல தடவை எழுதி, பல தடவை கிழித்துப் போட்டார்கள். ஹிடேகி காமியா செய்த முதல் முயற்சி ரொம்பவே தடம் மாறிப்போய், 2001-ல் 'டெவில் மே க்ரை' என்று தனி விளையாட்டாகவே வெளிவந்துவிட்டது! கடைசியில் மிகாமியே இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். கேமரா லியான் கென்னடியின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது. மாளிகை போய் ஸ்பெயின் கிராமம் வந்தது. தட்டச்சு இயந்திரம் இருந்தது, ஆனால் ரிப்பன் தேவையில்லை. செத்த எதிரி பணமும் குண்டும் போட்டுவிட்டுப் போனான். எல்லாவற்றுக்கும் மேலாக, கோட்டு போட்ட ஒரு வியாபாரி வந்தார்.

இந்த வியாபாரிதான் என்னைப் பொறுத்தவரை முழு வரிசையிலேயே முக்கியமான திருப்பம். துப்பாக்கி வாங்கலாம், விற்கலாம், மேம்படுத்தலாம். கிடைக்கும் சில புதையல் பொருட்களில் கற்களைப் பதித்து விற்றால் கூடுதல் விலை (மதிப்புக்கூட்டல், முதல் வருஷப் பாடம்!). சாவிகளும் முக்கியப் பொருட்களும் பெட்டியில் இடம் பிடிக்காது. நாணயம் பெசெட்டா. கதை நடப்பது 2004-ல், ஆனால் ஸ்பெயினில் 2002-லேயே யூரோ வந்துவிட்டது! அந்தக் கிராமத்துக்கு மட்டும் தகவல் போகவில்லை போல.

ஆக, தொடக்க இருப்பு மட்டும் இருந்த புத்தகத்தில் வரவு செலவுக் கணக்கு புகுந்துவிட்டது. முன்பு எதிரி என்றால் செலவு. இப்போது எதிரி என்றால் வருமானம். முதல் பாகத்தில் ஜோம்பியைக் கண்டால் ஒதுங்குகிறோம். நாலாம் பாகத்தில் கும்பலைக் கண்டால் "எவ்வளவு தேறும்?" என்று மனசு கணக்குப் போடுகிறது. திகில் குறைந்தது என்று சொல்பவர்கள் உணர்வது இதைத்தான். எதிரியின் பற்கள் மழுங்கவில்லை. நாம் வியாபாரி ஆகிவிட்டோம்.

இதோடு நிறுத்தினால் முதல் கட்சிக்கே வெற்றி. ஆனால் நான்காம் பாகத்தைக் கவனித்து விளையாடினால் ஒரு தந்திரம் தெரியும். அந்த வியாபாரி சாதாரணத் துப்பாக்கிக் குண்டு விற்கவே மாட்டார்! கையில் லட்சம் பெசெட்டா இருந்தாலும் கைத்துப்பாக்கிக்கு ஒரு குண்டு வாங்க முடியாது. துப்பாக்கியின் கொள்ளளவை மேம்படுத்தினால் மட்டும் அந்த நேரத்தில் இலவசமாக நிரப்பித் தருவார். அதனால் அனுபவசாலிகள் கடைசிக் குண்டுவரை காலி செய்துவிட்டுத்தான் கடைக்குப் போவார்கள். இன்னொன்று, நாம் திரும்பத் திரும்பச் செத்தால் விளையாட்டு நமக்குத் தெரியாமலே கொஞ்சம் இளகும். நன்றாக ஆடினால் இறுக்கும். அதாவது சந்தையைத் திறந்துவிட்டார்கள், ஆனால் அத்தியாவசியப் பொருளை மட்டும் கட்டுப்பாட்டிலேயே வைத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக மானியமும் கொடுத்தார்கள். மிகாமி ரேஷன் கடையை மூடவில்லை. சந்தைக்குள்ளே ஒளித்து வைத்தார். நின்ற இடத்திலிருந்து நகராமல்தான் சுடவேண்டும் என்ற விதியும் அந்தப் பழைய கடையின் சரக்குதான்.

வியாபாரத்தில் என்ன ஆனது? 2002-ல் இது கேம்க்யூபுக்கு மட்டும்தான் என்று அறிவித்தார்கள். வேறு இயந்திரத்துக்குப் போனால் தலையை வெட்டிக்கொள்வேன் என்கிற அளவுக்கு மிகாமி பேசினார். ஆனால் கேம்க்யூப் உலகம் முழுக்க விற்றது 2 கோடிச் சொச்சம், ப்ளேஸ்டேஷன் 2 விற்றது 15 கோடிக்கு மேல். 2005 ஜனவரியில் கேம்க்யூபில் வந்த விளையாட்டு, அதே ஆண்டு இறுதிக்குள் ப்ளேஸ்டேஷன் 2-க்கும் வந்துவிட்டது. தலை தப்பியது. அந்தத் தோள் கேமரா பிறகு 'கியர்ஸ் ஆஃப் வார்' (2006), 'டெட் ஸ்பேஸ்' (2008) என்று ஊரெல்லாம் பரவியது.

அப்புறம் காப்காம் ஒரு தப்பு செய்தது. ஐந்திலும் (2009) ஆறிலும் (2012) சந்தையை மட்டும் பெரிதாக்கி, உள்ளே ஒளித்திருந்த ரேஷன் கடையை மெல்ல மறந்துவிட்டது. விற்பனை அமோகம், ஆனால் ஆறாம் பாகத்துக்கு விழுந்த திட்டும் அமோகம். 2017-ல் ஏழாம் பாகம் மறுபடி ஒரு பாழடைந்த வீட்டுக்கும் எண்ணி எடுத்த குண்டுகளுக்கும் திரும்பியது. 2019-ல் புதிதாக வந்த இரண்டாம் பாகம், நாலின் தோள் கேமராவையும் ஒன்றின் கஞ்சத்தனத்தையும் கலந்து இரண்டு கட்சியையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தது.

ஆகவே என் தீர்ப்பு: நான்காம் பாகம் திகிலைக் கொல்லவில்லை. திகிலுக்கு விலை போட்டது. அந்த விலைப்பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு, விற்காமல் வைத்திருந்த சரக்கைப் பார்க்காதவர்கள்தான் பின்னால் வரிசையைக் கெடுத்தார்கள்.

இரண்டில் ஒன்றைத்தான் விளையாட நேரம் என்றால், 2002-ல் புதுப்பிக்கப்பட்ட முதல் பாகத்தை எடுங்கள். அதன் மெருகேற்றிய பதிப்பு 2015-லிருந்து கணினியிலும் கிடைக்கிறது, சாதாரணக் கணினியே போதும். க்றிஸ்ஸை எடுக்காதீர்கள், 6 இடத்தில் குடும்பம் நடத்த முடியாது. ஜில்லோடு தொடங்குங்கள். குண்டுகளை எண்ணி எழுத ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.