குழாய்க்குள் இரண்டு காவல்காரர்கள்

1866. காஞ்சிபுரம் முனிசிபாலிட்டி ஆன வருஷம். அதே வருஷம், கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) பல நாட்டு டாக்டர்களும் தூதர்களும் மாதக்கணக்கில் உட்கார்ந்து காலராவைப் பற்றி விவாதித்தார்கள். இந்தியத் திருவிழாக்களில் கூடும் கூட்டம்தான் நோயைப் பரப்புகிறது என்று அங்கே விரல் நீட்டப்பட்டது. கருட சேவைக்கு ஜனம் திரளும் காஞ்சி மாதிரி ஊர்களுக்கெல்லாம் கெட்ட பெயர்!

உண்மையான குற்றவாளி கூட்டமா? இல்லை, அந்தக் கூட்டம் குடித்த தண்ணீர். 1854-லேயே லண்டன் டாக்டர் ஜான் ஸ்நோ இதைச் சொல்லிவிட்டார். பலர் நம்பவில்லை. 1884-ல் ராபர்ட் காக் கல்கத்தாவுக்கே வந்து, ஒரு குளத்துத் தண்ணீரில் காலரா கிருமியைக் காட்டினார். அதன் பிறகுதான் மெல்ல மெல்ல வாயடைத்தார்கள்.

சரி, கிருமியைக் கொல்வது எப்படி? குளோரின் வாயுவைத் திரவமாக்கிச் சிலிண்டரில் அடைத்துக் குடிநீரில் கலக்கலாம் என்று 1903-ல் யோசனை சொன்னவர் வின்சென்ட் நெஸ்ஃபீல்ட். யார் இவர்? நம் நாட்டில் வேலை பார்த்த ராணுவ டாக்டர்! 1908-ல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் டாக்டர் ஜான் லீல், யாரிடமும் அனுமதி கேட்காமல் ஊர்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கரைசலைக் கலந்தார். வழக்கு கோர்ட்டுக்குப் போனது. ஜெயித்தது லீல்தான்.

கதை அத்தோடு முடியவில்லை. காஞ்சிபுரத்துக்குப் பாலாற்று மணலுக்கடியிலிருந்து தண்ணீர் வருகிறது. ஓரிக்கை பக்கம் கிணறுகள். அங்கிருந்து பம்ப் செய்து, உயரத் தொட்டியில் ஏற்றி, தெருக்களுக்கு விடவேண்டும். தூரம் போகப் போக, குழாய்ச் சுவரில் உரசி உரசி அழுத்தம் குறையும். உள்ளே படிந்த பாசியோடு மல்லுக்கட்டிக் குளோரினும் தீர்ந்துபோகும். எந்த ஊரிலும் இதே கதைதான். அதனால்தான் புறநகர்ப் பக்கம் நடுவழியில் பூஸ்டர் ஸ்டேஷன் வைக்கிறார்கள். தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, இன்னொரு டோஸ் குளோரின் கொடுத்து, மறுபடி தள்ளிவிடுகிற இடம். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி.

அழுத்தம் எதற்கு? மாடிக்கு ஏறுவதற்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அழுத்தம் இருந்தால், ஓட்டைக் குழாயிலிருந்து தண்ணீர் வெளியே பீய்ச்சும். அழுத்தம் போனால், பக்கத்துச் சாக்கடை உள்ளே நுழையும்! ஆக, அழுத்தம் வாசலில் நிற்கும் காவல்காரர். குளோரின் வீட்டுக்குள் நிற்பவர்.

2019-ல் அத்திவரதரைத் தரிசிக்க 48 நாட்களில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் காஞ்சிக்கு வந்தார்கள். 1866-ன் டாக்டர்கள் கேள்விப்பட்டிருந்தால் நடுங்கிப் போயிருப்பார்கள். ஆனால், ஊரைக் காலி செய்யும் காலரா கிளம்பவில்லை.

இந்தக் காவலை யார் உடைக்கிறார்கள் தெரியுமா? கார்ப்பரேஷன் குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுகிறோமே, நாம்தான்! உங்கள் மோட்டார் தண்ணீரை மட்டும் இழுப்பதில்லை. தெருக்குழாயில் அழுத்தத்தைக் காலி செய்து, சாக்கடையையும் சேர்த்து இழுக்கிறது. அது பக்கத்து வீட்டுக் குழந்தையின் டம்ளருக்கும் போகும்.

தண்ணீரில் லேசாகக் குளோரின் வாடை அடித்தால் முகம் சுளிக்காதீர்கள். காவல்காரர் இன்னும் டியூட்டியில் இருக்கிறார் என்று அர்த்தம். மோட்டாரை மட்டும் கழற்றிவிடுங்கள்.